துரைக்குத் துணை நான்தான்

அன்புள்ள வக்கீல் மாப்பிள்ளைக்கு,

மாமனார் சௌக்கியம். நீங்களும் என் மகளும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் கூப்பிட்டால் "மாமா, கோர்ட்ல இருக்கேன்" என்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னீர்கள்.

மிருகக்காட்சி சாலைகளுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. கூண்டு இத்தனை அடி, தண்ணீர் இத்தனை வேளை, எல்லாம் சரி, நாங்களே கேட்டதுதான். ஆனால் கூட்டமாக வாழும் மிருகத்தைத் தனியாக வைக்கக் கூடாது என்று ஒரு விதி. நான் பார்த்துக்கொள்ளும் சிம்பன்சி துரை பத்தொன்பது வருஷமாக ஒண்டிக்கட்டை. ஒரு மாதத்துக்குள் துணை காட்டாவிட்டால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். படிவத்தில் துணை எத்தனை என்று கேட்டிருந்தது. ஒன்று, நான், தினமும் ஒன்பது மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதற்குப் போய் ஆய்வாளர் அம்மா அளவு டேப்போடு வந்து நின்றார். "ஐயா, துணைன்னா அதே இனமா இருக்கணும்." "இத்தனை வருஷத்துல அவன் ஒரு குறை சொன்னதில்லம்மா, நீங்களே பாருங்க" என்று துரையைக் கூப்பிட்டேன். அந்தப் படுபாவி வாய் நிறையத் தண்ணீரை என் சட்டைமேல் துப்பிவிட்டு, கம்பி வழியாக டேப்பையும் பிடுங்கிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டான். என் மானம் கப்பலேறியது. கைக்குட்டையை நீட்டிய அந்த அம்மா, "உங்க வீட்டுல யாரு இருக்காங்க?" என்றார். "அது படிவத்துல இல்லையேம்மா" என்றேன்.

உங்கள் அத்தை போனதிலிருந்து, பேசுவதற்கு எனக்கு அவனை விட்டால் ஆளில்லை. மதியச் சாப்பாடுகூட அவன் கூண்டுக்கு எதிரேதான். வக்கீலிடம் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன், மகளிடம் சொல்ல வேண்டாம். ஆகவே, பராமரிப்பாளரையும் துணையாகச் சேர்த்துக்கொள்ளும்படி மேலிடத்துக்கு ஒரு மனு எழுதி உடனே அனுப்புங்கள். கொஞ்சம் காரசாரமாகவே இருக்கட்டும்.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டேன். அதற்குள் துரையைக் கொண்டுபோய்விட்டார்கள். ஏங்கிப் போயிருப்பான் என்று நேற்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்கப் போனேன். பல் போன ஒரு கிழட்டுச் சிம்பன்சி அவன் தலையைத் தன் மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான், நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் அவன் தலையில் ஒரு தடவை கை வைத்ததில்லை, நடுவே கம்பி. மனு வேண்டாம் மாப்பிள்ளை. அந்த விதியை எழுதியவர் தனியாக இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.