தங்கரத்தினத்துக்கு ஒரு கிழங்குப் பிரட்டல்

சட்டியில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. அதில் உப்புப் போட்டோமா இல்லையா என்பது கதிரவேலுவுக்குச் சுத்தமாக நினைவில்லை.

மற்ற நாளென்றால் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தால் விஷயம் தீர்ந்தது. இன்று முடியாது. இன்று மனைவி தங்கரத்தினத்தின் முதலாண்டுத் திவசம். இலையில் படைத்து, காகம் வந்து தொடும்வரை வீட்டில் எவரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

"துரைசிங்கம், நான் உப்புப் போட்டதைக் கண்டனியோ?"

"நான் இப்பத்தானே அத்தான் கிள்ளான் பஸ்ஸால வந்து இறங்கினனான்," என்றார் குசினி வாசலில் நின்ற துரைசிங்கம். தங்கரத்தினத்தின் தம்பி. அக்காவுக்காக விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தார். முகத்தில் துக்கம் பாதி, பசி பாதி.

கதிரவேலு கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணி, ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், எந்த மண்டோருக்குக் கீழே யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அடுப்படியில்தான் ஐயாவுக்கு அகப்பை எது, சிரட்டை எது என்று தெரியாது. சொந்தக்காரர்கள் கிள்ளானிலிருந்தே சமைத்துக் கொண்டுவருகிறோம் என்றார்கள். வடையும் சோறும் மற்றக் கறிகளும் துரைசிங்கத்திடம் கொடுத்தனுப்பச் சம்மதித்தார். கிழங்குப் பிரட்டலை மட்டும் தன் கையால்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

காரணம் இருந்தது. போன வருஷம் இதே திதியில், மத்தியானச் சாப்பாட்டில் இதே பிரட்டலை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்லை. இதை ஆர் தின்னுறது?" என்று தட்டைத் தள்ளிவிட்டு ஆபீசுக்குப் போனார். பின்னேரம் ஆள் ஓடிவந்தது. தங்கரத்தினத்துக்கு நெஞ்சுவலி. அவர் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கரத்தினத்திடம் அவர் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். அதை நினைத்து அந்த மனுஷன் ஒரு வருஷமாக ஒழுங்காகத் தூங்கவில்லை.

ஆகவே, உப்பில்லாமல் மட்டும் இன்னொரு முறை நடக்கக் கூடாது. ஒரு கை நிறைய அள்ளிப் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பினால், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் ஈரக் கரண்டி.

"ஐயோ, முதலே போட்டுட்டன்!"

ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், லோரி டிரைவர் சேதுவின் மனைவி கலாவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாத சத்தம் அந்த வீட்டு வரிசையில் கிடையாது.

"உப்பு கூடிப்போச்சாங்கய்யா? தேங்காப்பால் ஊத்துங்க, அமுங்கிரும்லா. நான் துருவிப் பிழிஞ்சு கொண்டாரட்டுமா?"

"வேண்டாம் பிள்ளை. குறை நினையாதை. உங்கட வீட்டுத் துருவலை மீன் புழங்கிற துருவலை. இந்த வீட்டுப் படி மீன் வாசமே அறியாது. அதுவும் இண்டைக்கு, அவளுக்கு வைக்கிறதில... சரிவராது."

கலாவதியின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "அதுவும் சரிதாங்கய்யா," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் என்ன, பால் பால்தானே? அலமாரியில் ஒரு டின் இருந்தது. கதிரவேலு அதைக் கவிழ்த்தார். கெட்டியாக, வழுவழுவென்று, நிதானமாக இறங்கியது.

துரைசிங்கம் மூக்கை உறிஞ்சினார். "அத்தான், பாயாசமும் வைக்கிறீங்களோ?"

"இல்லையே."

"அப்ப அது தேத்தண்ணிக்கு விடுற சீனிப்பால்."

கதிரவேலு சட்டியை எட்டிப் பார்த்தார். பால் குமிழி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. இனிப்பை முறிக்க வேண்டும். அவசரத்தில் கறித்தூள் போத்தலைத் தட்ட, மூடி கழன்று பாதிப் போத்தல் உள்ளே போயிற்று. இரண்டு பேரும் கொல்லைப்புறம் ஓடிப்போய் நின்று தும்மித் தீர்த்தார்கள். திரும்பி வரும்போது அடி பிடித்திருந்தது. காரம் போகப் புளி. புளி போகக் கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் வற்ற இன்னும் நெருப்பு. தொட்டதெல்லாம் கெட்டது என்பார்களே, அதுதான். கடைசியில் சட்டிக்குள் கிடந்தது ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரி இருந்தது. அவர் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

"அத்தான்... இதை அக்கா சாப்பிடுவாவோ?"

"சாப்பிடுவாள். இது அவளுக்கு உயிர். கிழமையில நாலு நாள் இதைத்தான் வைப்பாள். நான் சாப்பிட்டு ஆபீசுக்குப் போனபிறகுதான் தான் கையை நனைப்பாள். அப்பிடியொரு பொம்பிளை, துரைசிங்கம். நான்தான் அருமை தெரியாமல் இருந்திட்டன்."

துரைசிங்கம் பசியை மறந்து அத்தானின் தோளைத் தொட்டார்.

படத்துக்கு முன்னால் படைத்து, தேவாரம் பாடி, கற்பூரம் காட்டி, இலையைக் கொண்டுபோய்ப் பின்மதிலில் வைத்தார்கள். நடுவில் பிரட்டல்.

"கா... கா... கா..."

ஒரு காகம் வந்தது. மதிலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பிரட்டலை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மற்றக் கண்ணாலும் பார்த்தது. இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டது.

"கறியைக் கொஞ்சம் ஒதுக்கிப்போட்டு வடையை முன்னுக்கு வையுங்கோவன்," என்று துரைசிங்கம் கெஞ்சினார். வைத்தார். காகம் அசையவில்லை. நெய் விட்டார். அது இன்னும் ஒரு அடி தள்ளிப்போனது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. துரைசிங்கத்துக்குக் கண் இருட்டியது.

"அக்கா கோவமா இருக்கிறா போல, அத்தான்," என்று பசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

கதிரவேலுவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தோட்டமே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பெரிய கிராணி, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். காகத்துக்கு முன்னால் கைகூப்பினார்.

"தங்கம், அண்டைக்கு உப்பு அளவாத்தான் இருந்தது. மானேசரோட எனக்கு வாக்குவாதம். அந்தக் கோவத்தை உன்ர கறியில காட்டிப்போட்டன். பிழை என்ர பிழைதான். இனி ஒண்டும் கேக்க மாட்டன். ஒரேயொரு வாய் எடு, தங்கம்."

காகம் அவரை உற்றுப் பார்த்தது. சிறகை விரித்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது எழும்பி, இலைக்கு மேலாக, அவர் தலைக்கு மேலாக, வேலியைத் தாண்டிப் போயிற்று. கலாவதி வீட்டு முற்றத்தில், பாசிர் பெனம்பாங் மீனவர் குப்பத்தில் வாங்கிய கருவாடு ஒரு முறம் நிறையக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பில் போய் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து, ரசித்துத் தின்றது. பிறகு இன்னொன்று.

"பார்! கையைச் சுட்டுக்கொண்டு சமைச்சு வைச்சதை ஏறெடுத்தும் பாக்காமல் கருவாடு தின்னுது!" என்று கதிரவேலு வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கத்தல் அப்படியே அழுகையானது. "அவள் வரேல்லை, துரைசிங்கம். என்ர பொம்பிளை என்னை மன்னிக்கேல்லை."

சத்தம் கேட்டுக் கலாவதி காகத்தை விரட்டக் கம்போடு ஓடிவந்தாள். அழுகிற மனுஷனைப் பார்த்தாள். தின்கிற காகத்தைப் பார்த்தாள். ஓங்கிய கம்பை மெல்லக் கீழே போட்டுவிட்டு, முறத்தைக் காகத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளிவைத்தாள்.

"அழாதீங்கய்யா, வந்தது நம்ம கிராணியம்மாவேதான். நீங்க சாப்பிட்டு ஆபீசுக்குக் கெளம்புனதும், தெனமும் இந்தப் பக்கந்தான் சாப்பிட வருவாங்க."