மடத்து வளையம்

"நல்லா பந்து போடறதுக்கு என்னடி வேணும்?" என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஒருமுறை என்னைக் கேட்டார். எட்டாவதோடு நின்றவளிடம் கேட்கிற கேள்வி அல்ல. நான் வாய் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

"கிரிவலம்."

அவருக்கு அல்ல. பந்துக்கு.

எழுபத்தெட்டில் எங்கள் ஊருக்குக் கூடைப்பந்து சுவாமிகள் வந்து சேர்ந்திருந்தார். மலையைச் சுற்றிய பந்து வளையத்தைத் தானே தேடிப் போகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஞாயிறுதோறும் பள்ளி மாணவிகள் பந்தை இடுப்பில் சுமந்து மலையைச் சுற்றினார்கள். கைக்குழந்தை என்று நினைத்துச் சிலர் பந்துக்கு விபூதி பூசினார்கள். பிறகு அவர் மடத்தில் காணிக்கை, மணிக்கட்டில் கயிறு. ரஹமத்துன்னிசா அக்காவும் மகளோடு வரிசையில் நின்றார். ஏமாறுவதில் எங்கள் ஊரில் மதபேதம் கிடையாது.

மடத்து முற்றத்தில் பூமாலை சுற்றிய வளையம் ஒன்று இருந்தது. யார் எறிந்தாலும் பந்து உள்ளே விழுந்தது. மூட்டுவலிக்கார ஜோதியம்மாளே போட்டார்.

பத்தாவது படித்த வேதா மட்டும் மலை சுற்றவில்லை. விடிந்ததும் பள்ளி மைதானத்தில் இருப்பாள். முழங்காலை மடக்கி, முழங்கையை வளையத்துக்கு நேராக்கி, விரல் நுனியால் பந்தை விடுவாள். விழாவிட்டால் ஏன் என்று யோசிப்பாள். மறுபடி போடுவாள். இதில் அற்புதம் எதுவும் இல்லாததால் யாரும் பார்க்க வரவில்லை.

மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் அவளை மேலே படிக்க வைப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை தயார்.

அணித் தேர்வு நாளில் விளையாட்டு ஆசிரியர் தர்மசந்திரன் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"கயிறு எங்கம்மா?"

"கட்டலீங்க சார். நான் போடறதைப் பாருங்க."

"பாத்து என்னம்மா ஆவப்போவுது? கயிறு இல்லாதவங்களை எடுத்தா டீமுக்கே ஆவாதுனு சாமி சொல்லிட்டாரு."

கயிறு கட்டியவர்கள் போட்டார்கள். ஒன்றும் விழவில்லை. ஒரு பந்து தலைமையாசிரியர் அறைக்குள் போனது.

ஆசி வழங்க வந்திருந்த சுவாமிகள் கண்ணை மூடித் திறந்தார். "ஸ்கூல் வளையத்துக்கு தோஷம். மடத்துக்கு வாங்க, காட்டறேன்."

கூட்டம் போனது. வேதாவும் இரண்டு பந்துகளோடு போனாள். மடத்து வளையத்தின் கீழ் ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"சாமி, ஸ்கூல் வளையத்துல ரெண்டு பந்தை ஒண்ணா விட்டா மாட்டிக்கும். இங்க விட்டுப் பாக்கட்டுங்களா?"

"எறங்குடி!"

அதற்குள் விட்டுவிட்டாள். இரண்டு பந்தும் ஒன்றாகவே வளையத்தில் படாமல் கீழே விழுந்தன; அவ்வளவு அகலம். பூமாலையைப் பிய்த்தாள். வளையம் முழுக்க வரிசையாக ஓட்டைகள்.

"யோவ், சைக்கிள் ரிம்முய்யா இது!" என்று யாரோ கத்தினார்.

"சித்தர் ஓட்டின சைக்கிள்" என்றார் சுவாமிகள்.

நாலு பேர் கும்பிட்டார்கள். மற்றவர்கள் காணிக்கையைத் திருப்பிக் கேட்டார்கள். சுவாமிகள் அன்றே ஊரைவிட்டு மறைந்தார். அவர் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

ஆளுக்கொரு கயிறு வைத்திருந்தோம். கையில் கட்டிக்கொள்ளத் தெரிந்த எங்களுக்கு, அதை அவிழ்த்து அந்த வளையத்தை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. இனியாவது தோன்றட்டும்.

மைதானத்துக்குத் திரும்பி வந்து வேதா போட்டாள். விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது. தர்மசந்திரன் சார் முதல் பெயராக அவளை அறிவித்தார்.

உடனே ஜோதியம்மாள் தன் மகள் கன்னியம்மாளையும் ஒரு பந்தையும் முன்னே தள்ளினார். "வேதா, கண்ணு, ஒரு தபா தொட்டுக் குடும்மா. உன் கைதான் ராசியான கை."

அவர் பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டது.

வேதா அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். தன் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.