ரஞ்சிதாவுக்கு ஒரு கஷ்டம் வேணும்

"இம்புட்டு மார்க்கு எடுத்தும் பத்தாதுங்களா?" என்றார் ஆண்டியப்பன்.

போனில் பேசிய திருச்சி பிரவீன்குமார், பெரிய காலேஜுகளில் சேர பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறவர். "இதே மார்க்கோட ஆயிரம் பேரு நிக்கிறாங்க சார். அப்ளிகேஷனோட எழுதி அனுப்புற கட்டுரையைப் பார்த்துத்தான் எடுப்பாங்க. வாழ்க்கையில பட்ட கஷ்டத்தைப் பாப்பாவை எழுதச் சொல்லுங்க."

ஆண்டியப்பன் இடிந்துபோய் உட்கார்ந்தார். ஷார்ஜாவில் வெந்து சம்பாதித்து, இலுப்பூரில் டைல்ஸ் கடை போட்டு, மகளுக்கு ஒரு கஷ்டமும் தெரியாமல் வளர்த்தவர் அவர். அதுவே இப்போது வினையாகிவிட்டது.

"கவலைப்படாத தாயி. கஷ்டத்துக்கு அப்பா ஏற்பாடு பண்றேன்."

"நானே எழுதிக்கிறேன்ப்பா" என்றாள் ரஞ்சிதா.

"படாம எப்படி எழுதுவ?"

மறுநாளே ஏசியைக் கழற்றி, குளத்தூரில் இருக்கும் தம்பி அருண்குமார் வீட்டுக்கு அனுப்பினார். பின்னாலேயே காரும் போனது. சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பேச்சு: ஆண்டியப்பன் நொடித்துவிட்டார்.

"அதெல்லாம் இல்லப்பா, பிள்ளை படிப்புக்காகத்தான்" என்று எல்லோரிடமும் விளக்கினார். அதன்பிறகு அவர் நொடித்ததில் யாருக்கும் சந்தேகமே இல்லாமல் போனது.

ரஞ்சிதாவோ மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டு சுகமாகத் தூங்கினாள். கஷ்டம் பத்தவில்லை. களையெடுக்கச் சொல்லிச் சொந்தக் கடலைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். பிள்ளை வெயிலில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தானும் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டி, செடி மேலேயே சாய்ந்தார். ரஞ்சிதாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து கட்டுரையை முடித்து அனுப்பினாள்.

"எழுத விஷயம் கெடச்சுச்சா தாயி?"

"நெறையக் கெடச்சுச்சுப்பா."

ஆண்டியப்பனுக்கு ஊசி வலிகூடத் தெரியவில்லை.

ஆனால், அவர் கூலிக்குக் களையெடுக்கப் போய் விழுந்துவிட்டார் என்ற செய்தி மணமேல்குடி வரைக்கும் எட்டியது. மனைவி அழகியின் அண்ணன் அரிசி மூட்டையும் கருவாடுமாக வந்து இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த நெலமையில எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே மாப்ள!"

அழகி தலையில் அடித்துக்கொண்டாள். "மொதல்ல ஏசியையும் காரையும் கொண்டாரச் சொல்லுங்க. மானம் போகுது!"

ஆண்டியப்பன் தம்பிக்குப் போன் போட்டார்.

"நீங்க இருக்குற இருப்புல கரண்டு பில்லு எப்படிண்ணே கட்டுவீங்க?" என்றான் அருண்குமார். "இங்கிட்டே ஓடட்டும். பிள்ளைக நல்லாத் தூங்குதுக."

"காருடா?"

"அதுவும் நல்லாத்தாண்ணே ஓடுது."

ஏசியும் வரவில்லை, காரும் வரவில்லை. மச்சினர்தான் மாதம் தவறாமல் கருவாட்டோடு வந்துகொண்டிருந்தார். அப்படி அவர் வந்திருந்த ஒருநாள் பிரவீன்குமாரின் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஆண்டியப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், சீட்டு கெடச்சிருச்சு! கட்டுரையைப் படிச்சு அசந்துட்டாங்களாம். இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவுல இந்தப் பொண்ணு எப்படிப் படிச்சுச்சுன்னு ஒரே ஆச்சரியமாம்."

ஆண்டியப்பன் மீசையை நீவிக்கொண்டே மனைவியையும் மச்சினரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் சும்மாவா செஞ்சேன்?" என்றவர், போனைப் பக்கத்தில் இழுத்துக் கேட்டார். "எந்தக் கஷ்டத்தைங்க எழுதியிருந்துச்சு? ஏசி இல்லாமப் புழுங்குனதையா, களையெடுத்ததையா?"

பிரவீன்குமார் கொஞ்சம் தயங்கினார்.

"உங்களைத்தான் சார்."