முகிலில் பூட்டுப்பட்ட ஒப்படை

கொக்கட்டிச்சோலை,
வியாழக்கிழமை காலை.

பொலன்னறுவையில் உத்தியோகம் பார்க்கும் அன்புள்ள மைத்துனர் உதயரூபனுக்கு,

உமது அக்காவின் கணவர் அருமைநாயகம் வரைந்துகொள்வது. தான்தோன்றீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உமது அக்கா அன்னப்பூரணியும் மகள் வதனியும் தேகசுகத்துடன் இருக்கிறோம். நீரும் அவ்வாறே இருப்பீர் என்று நம்புகிறேன். இதை எழுதுவது உண்மையான அருமைநாயகம்தான் என்பதையும் இவ்விடத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நேற்றிலிருந்து நீர் அதை நம்ப மறுப்பதால்தான் ஓய்வுபெற்ற தபாலதிபராகிய நான் மீண்டும் பேனையை எடுக்க வேண்டி வந்தது.

விடயம் இதுதான். வதனி மட்டக்களப்பில் படிக்கும் வலையமைப்புப் பாதுகாப்பு, முகிற் கணிமை வகுப்பின் இறுதி ஒப்படையை நாளை பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொழும்பில் பயிற்சிக்கு இடம். கொடுக்காவிட்டால் இன்னொரு வருடம் அதே வகுப்பு. ஒப்படை முகிலில் இருக்கிறது. முகில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியவன் நான். திறப்பு உம்மிடம்.

முகில் என்றால் என்னவென்று அவளிடம் முன்னமே விசாரித்திருந்தேன். “அது வேற ஆக்களுட கொம்பியூட்டர் அப்பா. எங்கயோ தூரத்தில இரிக்கும். நாம இஞ்சயிருந்து பாவிக்கிறம்” என்றாள். “அப்ப எங்குட நெல்லப் பிறத்தியாருட களஞ்சியத்தில போட்டு வச்ச மாதிரியா?” “ஓம்.” “பூட்டு?” “பாஸ்வேட்.” அரக்கு முத்திரையும் பதிவுத் தபாலுமாக வாழ்ந்தவன் நான். பிறத்தியார் களஞ்சியத்தில் பிள்ளையின் எதிர்காலம் கிடக்க, அதற்கு ஒரேயொரு சொல் காவல் நிற்பது எனக்கு நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை அவள் அமிர்தகழிக் கோயிலுக்குப் போயிருந்த சமயம், திறந்து கிடந்த மடிக்கணினியில் அந்தச் சொல்லை மாற்றிப் பலப்படுத்தினேன். அவள் வீட்டில் எங்களுக்கு வகுப்பெடுத்தபடியே செய்தேன். நீளமாக வைத்தேன். எந்த அகராதியிலும் இல்லாததாக வைத்தேன். ஆளின் பெயரோ பிறந்த தேதியோ வராமல் பார்த்துக்கொண்டேன். எங்கும் எழுதியும் வைக்கவில்லை. மாற்றிய உடனே இயந்திரம் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. பலன் பூரணம். கள்வன் உள்ளே போக முடியாது. வதனியும் போக முடியாது. அந்தச் சொல் மறந்துவிட்டதால் நானும் போக முடியாது.

அவளுக்கு மடிக்கணினி வாங்கித் தந்து அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் நீர். அப்போது நீர் ஏதோ பதில் கொடுத்திருந்த கேள்வியொன்றை இயந்திரம் இப்போது எங்களிடம் கேட்டது: “உங்கள் தாயாரின் கன்னிப் பெயர் என்ன?” கலியாணத்துக்கு முன் இருந்த பெயராம். உமது அக்கா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தா. “எனக்கென்ன ரெண்டு பேரா? பொறந்த நாளிலயிருந்து அன்னப்பூரணிதானே! கலியாணம் முடிச்சு வீடு மாறி வந்தது நீங்க. பேர மாத்திறதெண்டா நீங்கதான் மாத்தியிரிக்கணும்.” நமது பக்கத்தில் வீடு பெண்ணுக்கு; ஆண்தான் பெட்டியோடு வந்து சேருகிறான். கேள்வியை எழுதியவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை போலும். அன்னப்பூரணி என்று போட்டோம், பிழை. உமது தகப்பனார் பெயரைப் போட்டோம், பிழை. “தாய்வழிக் குடிப் பேரத்தான் கேக்கிறானுகள்” என்றார் வேலிக்கு அப்பால் நின்ற சுதாகரன். யாரும் கேட்காமலே உமது குடிப் பெயரையும் உரக்கச் சொன்னார். எந்த நாள் எந்தக் குடியின் திருவிழா என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற ஊரில் அது எப்படி இரகசியமாகும்? ஆயினும் பாதுகாப்புக் கருதி அதை நான் இங்கே எழுதவில்லை. அதுவும் பிழைத்தது. இயந்திரம் பொறுமை இழந்து, இனி ஆறு இலக்க எண்ணொன்றை உமது கைத்தொலைபேசிக்கே அனுப்பும் என்று முடித்துக்கொண்டது.

பிறகு நடந்தது உமக்குத் தெரியும். ஆனால் நீர் அதை ஒரு கள்வனின் நடவடிக்கையாக விளங்கிக்கொண்டதால் திரும்பவும் சொல்கிறேன். “தம்பி, அவசரம், ஒரு நம்பர் வரும், டக்கெண்டு சொல்லும்” என்றது நான். “அவசரமெண்டா கள்ளன்தான். மருமகள் சொல்லித் தந்திரிக்கா. வையும் போன” என்று என் எண்ணைத் தடுத்துப் போட்டது நீர். சரீப்பின் கடைத் தொலைபேசியில் அழைத்தபோது, “அத்தான்ட குரலையும் போலியாச் செஞ்சுபோட்டானுகள் கா! இருமல் கூட அச்சா அவர்தான்!” என்று பக்கத்தில் யாருக்கோ சொல்லிச் சிரித்தீர். உமது அக்கா வாங்கி, “தம்பி, நான் அக்கா கதைக்கிறன்” என்றா. “எங்குட அக்கா இவ்வளவு மரியாதையாக் கதைக்க மாட்டா” என்று துண்டித்தீர். அதன் பிறகு அவ உம்மைப் பற்றிக் கதைத்ததை நீர் கேட்டிருந்தால் அக்காதான் என்று உடனே நம்பியிருப்பீர்.

ஆகவே ஓட்டமாவடி இஷாம் தன் பஸ்ஸில் இக்கடிதத்தைக் கொண்டுவந்து கையில் தருவார். வாசித்து முடித்ததும் அவர் எனக்கு அழைப்பார். நான் பொத்தானை அழுத்துவேன். உமக்கு எண் வரும். அதை அவரிடம் சொல்லும். அவர் எனக்குச் சொல்வார். இப்படி நடுவில் நின்று வாங்கிக் கொடுப்பதற்கு ரவுட்டர் என்று பெயராம். இஷாமிடம் சொன்னேன். “எங்குட வேலையே அதுதானே சேர்” என்றார்.

நான் நான்தான் என்பதற்கு அத்தாட்சி: உமது முன்பல் கட்டுப்பல். அது போனது எங்கள் கலியாணப் பந்தலில், பயற்றம் பணியாரம் கடித்து. இது உமக்கும் எனக்கும் பல் வைத்தியருக்கும், உறையை ஒட்ட மறந்தால் இஷாமுக்கும் மட்டுமே தெரியும்.

உமது மனைவி மக்களுக்கு எங்கள் ஆசிகள். வேளாண்மையும் உத்தியோகமும் செழித்து, நோய்நொடி அண்டாமல், கைத்தொலைபேசி எந்நேரமும் சார்ஜுடன் இருக்க இறைவன் அருள்வானாக.

இங்ஙனம்,
உண்மையான அத்தான்,
க. அருமைநாயகம்

பி.கு.: கடிதத்தை வதனி வாங்கி வாசித்தாள். ஒப்படையின் பிரதிகள் வேறு இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கின்றனவாம். முதல் நாள் வகுப்பே அதுதானாம். “நேத்தே சொல்லியிரிக்கலாமே பிள்ள?” என்றேன். “சொன்னா நீங்க நிப்பாட்டியிருப்பீங்க அப்பா. எனக்கு உதாரணம் தேவைப்பட்டிச்சு” என்றாள். ஒப்படையின் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு ‘வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆபத்து’. அதில் நான் நாலு பக்கம் இருக்கிறேன். ஆசிரியை இன்ஷிரா வாசித்துவிட்டு, என் பாதுகாப்புக்காகப் பெயரை மாற்றச் சொன்னாவாம். கடிதத்தை எதுவும் சேர்க்காமல் அப்படியே அனுப்பும்படி வதனியின் கட்டளை. நீர் ஏமாந்து எண்ணைச் சொல்லிவிட்டால் உம்மைப் பற்றி எழுதுவதற்கென்று ஒப்படையில் அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அவள் முகம் கழுவப் போன இடைவெளியில் இதை எழுதுகிறேன். தம்பி, இஷாம் எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறக்காதேயும்.