மூன்றாவது துளை மூன்றாவதுதானா?

மனிதரில் ‘எதற்கும் இன்னொரு தடவை’ என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். வாசற்கதவைப் பூட்டுவார், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், கேட் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார், பஸ் ஏறுவார், இரண்டு வளைவு தாண்டியதும் ‘இழுத்தேன், சரி, பூட்டினேனா?’ என்று முகம் வெளிறி இறங்கி, மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்வார். பூட்டு பூட்டியபடியே தொங்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட!

கொட்டகலையில் இந்த இனத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதானால் போட்டியே இருக்காது. கடைத்தெருவின் கடைசியில் இயந்திரப் பட்டறை வைத்திருக்கும் கணேசமூர்த்திதான். சுற்றுவட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உடைகிற பல்சக்கரமெல்லாம் அவரிடம்தான் வரும். கெட்டிக்காரர். ஊருக்கு அதில் சந்தேகமில்லை, அவருக்குத்தான். மனைவி சுதர்ஷினி குழம்பை இறக்கினால் போதும்.

“உப்பு போட்டியா?”

“போட்டேங்க.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

ஒருநாள் அந்த அம்மாள் இன்னொரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டு, “இப்ப நல்லா ஞாபகம் இருக்குங்க” என்றார். அன்று இரண்டு பேரும் தண்ணீர் குடித்தே சாப்பிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் விதி எதைக் கொடுத்தது தெரியுமா? டிவைடிங் ஹெட்டை. வட்டமான இரும்பைச் சரிசமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும் கருவி அது. பல் வெட்டும் மில்லிங் மெஷின் மேல் உட்கார்ந்து இரும்பைக் கவ்விக்கொள்ளும். பக்கத்தில் ஊசி பொருத்திய ஒரு கைப்பிடி, அதன் பின்னால் வட்டம் வட்டமாகத் துளையிட்ட தட்டு. கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் இரும்பு ஒரேயொரு சுற்று திரும்பும். முப்பத்தேழு பல் வேண்டுமா? ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அதற்கு மேல் முப்பத்தேழு துளை வட்டத்தில் மூன்று துளை. ஊசியை இறக்கு, இறுக்கு, வெட்டு. அவ்வளவுதான். ஒரேயொரு நிபந்தனை: முன்பக்கமாகவே சுற்ற வேண்டும். பின்னால் திருப்பினால் உள்ளே இருக்கிற சிறிய தளர்ச்சி தன் வேலையைக் காட்டிவிடும். ஊசி சரியான துளையில்தான் நிற்கும், இரும்பு மட்டும் மயிரிழை தள்ளி நிற்கும். ‘பின்னால் சுற்றாதே’ என்று பட்டறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தவரே கணேசமூர்த்திதான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஒரு தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் றிச்சர்ட் உடைந்த சக்கரத்தையும் அதன் ஜோடிச் சக்கரத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கொழுந்து அரைக்கும் ரோலர்களில் ஓடிக்கொண்டிருந்த கடைசி ஒன்றும் நின்றுவிட்டது.

“மூர்த்தி, வாட்டின கொழுந்து ரெண்டாயிரம் கிலோ கெடக்கு. அஞ்சு மணிக்குள்ள அரைக்க ஆரம்பிக்கலேன்னா அம்புட்டும் குப்பைக்குத்தான். ஏற்கனவே இந்தப் பெக்டரிய மூடிறலாமான்னு மேல பேசிக்கிட்டு இருக்காங்க. இதுவும் நடந்தா பேச்சே வேணாம், பூட்டிருவாங்க.”

“பயப்படாதீங்க” என்றார் கணேசமூர்த்தி. பயந்தது அவர்தான்.

பட்டறையில் பத்து வருடமாகக் கடைசல் வேலை பார்க்கும் பிரியந்தி, ஆளைத் தெரிந்தவர் என்பதால், முப்பத்தேழு பல் சக்கரத்துக்கு வேண்டிய இரும்பு வட்டத்தை ஒன்றுக்கு இரண்டாகக் கடைந்து வைத்தார். கணேசமூர்த்தி முதல் வட்டத்தை எடுத்து வெட்டத் தொடங்கினார். பதினொரு பல் வரை அழகாகப் போயிற்று. பன்னிரண்டாவதில் வந்தது வினை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுதானா? ஒரு துளை முன்னால் போய்ப் பார்த்தார். ‘இது நாலு. அப்ப அது மூணுதான்.’ நிம்மதியாகப் பின்னால் திரும்பி வந்து ஊசியை இறக்கினார்.

“அண்ணே, பின்னால சுத்திட்டீங்க” என்றார் பிரியந்தி.

“செக் பண்ணாம வெட்டச் சொல்றியா?”

அவர் பத்தொன்பதாவதில் செக் பண்ணினார், இருபத்து நான்காவதில் இரண்டு தடவை செக் பண்ணினார், முப்பதுக்கு மேல் எதையுமே அவர் நம்பவில்லை. வெட்டி முடித்ததை ஜோடிச் சக்கரத்தோடு சேர்த்து உருட்டிப் பார்த்தால், சந்தேகம் வந்த பல்லெல்லாம் ஒரு தினுசு, வராத பல்லெல்லாம் ஒரு தினுசு! பன்னிரண்டாவது பல்லில் கடக்கென்று சிக்கி நின்றது. மணி ஒன்றரை. மிச்சம் இருந்தது ஒரே வட்டம்.

கணேசமூர்த்திக்கு அழுகை வராத குறை. கடைசி வட்டத்தைப் பிரியந்தி எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க வெளிய போயி நில்லுங்க. இத நான் வெட்டுறேன்.”

“நான் பக்கத்துல நின்னு சும்மா எண்ணிக்கிட்டு மட்டும்...”

“நீங்க எண்ணுனா எனக்கும் சந்தேகம் வந்துரும்ணே.”

போனார். அவர் வாழ்நாளில் செய்த பெரிய வீரச்செயல் அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். தூறலில் நின்று, கட்டர் இரும்பைக் கடிக்கும் சத்தத்தை வைத்துப் பல் எண்ணினார். முப்பத்தாறு வந்ததும் மெஷின் நின்றுவிட்டது. முப்பத்தாறா? ஐயோ, ஒரு பல் போச்சே! உள்ளே பாய்ந்தார். பிரியந்தி கையிலிருந்த சக்கரத்தில் முப்பத்தேழு இருந்தது. ஒரு லொறி ஹோர்ன் அடித்தபோது ஒன்றை அவர்தான் விட்டிருக்கிறார். ஜோடியோடு உருட்டினால் தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணத் தொடங்கியபோது, காத்திருந்த றிச்சர்ட் சக்கரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“குடுங்க மூர்த்தி, மிச்சத்த நான் வழியில எண்ணிக்கிறேன்!”

ஐந்து மணியாகப் பத்து நிமிடம் இருக்கையில் ரோலர் ஓடத் தொடங்கியது. ஐந்து மணிக்குக் கணேசமூர்த்தி றிச்சர்டுக்குப் போன் எடுத்தார். “ஓடுதாங்க?” “ஓடுது.” ஐந்தே காலுக்கு: “இப்பவும் ஓடுதாங்க?” ஐந்தரைக்கு: “சத்தம் எப்படிங்க?” ஆறு மணிக்கு அவரால் தாங்க முடியவில்லை.

“ஐயா, ஒரே நிமிஷம் ரோலர நிப்பாட்டிட்டு, அந்தப் பல்லுகள ஒருக்கா தொட்டுப் பாத்துருங்களேன்.”

 ரோலர் சத்தத்துக்கு நடுவே றிச்சர்ட் மெதுவாகச் சொன்னார்: “இன்னும் ஆயிரத்து நானூறு கிலோ இருக்கு மூர்த்தி. இப்ப நிப்பாட்டச் சொல்லுங்க, நிப்பாட்டிர்றேன்.”

கணேசமூர்த்தி சுவரில் தாம் எழுதியதைப் படித்தார், எதற்கும் இன்னொரு தடவை படித்தார். எதிரே பிரியந்தி கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார்.

“வேணாங்க” என்றார் கடைசியில். “ஓடட்டும்.”

அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாட்டை நினைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமே. தெரியும் அல்லவா? நிச்சயமாகத் தெரியுமா?

அட, எதற்கு யோசிக்கிறீர்கள்?