சம்பந்தி ஏரியில் விழுந்தது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

உங்கள் அப்பா ஏற்கெனவே ஒரு விதமாகச் சொல்லியிருப்பார். நடந்ததை நடந்தபடி சொல்வது என் கடமை. ஓய்வு பெற்றபின் ஏரியில் பொழுதுபோக்க ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கினேன் அல்லவா? பொழுது சாய்ந்தால் விளக்கில்லாமல் படகை எடுக்கவே கூடாது என்று படகுத்துறை அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. நிறத்தைப் பார்த்தே நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று எதிரில் வருபவன் தெரிந்துகொள்வானாம். நானும் படகின் முகத்துக்கு எதிரே துறையில் நின்றுகொண்டு, என் இடக்கைப் பக்கம் சிவப்பையும் வலக்கைப் பக்கம் பச்சையையும் பொருத்தினேன். இடது என்றாரே தவிர, யாருடைய இடது என்று அந்த மனிதர் சொல்லவில்லை. இதை நீங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும்.

போன வாரம் உங்கள் அப்பா வந்திருந்தபோது, "சம்பந்தி, சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று நான் கேட்டது உண்மை. அவர் மறுக்கவில்லை என்பதும் உண்மை. மிதவைச் சட்டையை நீட்டினேன். மரியாதைக்கு வாங்கி, மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சம்பந்தியை அதட்ட முடியுமா? இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டேன். அழகாகத்தான் எரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பயணிகள் படகு வந்தது, மாப்பிள்ளை, மாடி வீடு மாதிரி. நாங்கள் அதன் முன்னால் குறுக்கே, அதன் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் சிவப்பைப் பார்த்து, நாங்கள் அவனுக்கு இடப்பக்கம் போகிறோம் என்று நினைத்து, அவன் பெருந்தன்மையாக வலப்பக்கம் திருப்பினான். நான் இன்னும் ஒதுங்கினேன், அவன் இன்னும் வழிவிட்டான், நான் ஒதுங்க ஒதுங்க அவன் வழிவிட வழிவிட, கடைசியில மூக்கும் மூக்கும் முட்டுற மாதிரி ஆயிடுச்சு. உங்கப்பாதான் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவராச்சே. படகு முனையில எழுந்து நின்னு, ரெண்டு கையையும் விரிச்சு, "நிறுத்துப்பா! நிறுத்துங்கறேன்ல!" என்று ரயிலை நிறுத்துவது போல அதட்டினார். அவன் நின்றுவிட்டான். அவன் கிளப்பிய அலை நிற்கவில்லை. உங்கள் அப்பா தலைகுப்புற விழுந்தார்.

மாப்பிள்ளை, பொண்ணு முகத்துல இனி எப்படி முழிப்பேன்னுதான் தோணிச்சு. அவர் உட்கார்ந்திருந்த சட்டையைத் தூக்கிப் போட்டேன், பிடிச்சுக்கிட்டார். அந்தப் படகுக்காரர்கள் அவரை மேலே இழுத்தார்கள். அதன் ஓட்டுநர் என்னைப் பார்த்து, "பெரியவரே, லைட்டை இடம் மாத்தி மாட்டிட்டு எங்க கிளம்பினீங்க?" என்றார். அது உங்கள் அப்பா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேச்சில்லை. அன்று கரையேறியதும் சொட்டச் சொட்ட நனைந்தபடி அவர் முன்னால் நடக்க, அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

படகை விற்றுவிடும்படி தரகரிடம் சொல்லிவிட்டேன். இனி ஆயுசுக்கும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. நீங்கள்தான் அப்பாவிடம் நல்ல வார்த்தை சொல்லி எங்களைச் சேர்த்துவைக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் கரையிலேயே நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தரகர் வந்துவிட்டார். படகு விற்றாயிற்று. வாங்கியவர் உங்கள் அப்பா. பின்னாலேயே அவரும் வந்து, வாய் நிறையப் பேசினார். ஞாயிறு மாலை நான் கட்டாயம் ஏற வேண்டுமாம். விளக்குகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பச்சையே மாட்டியிருக்கிறார். "நிக்கிற எண்ணமே நமக்கு இல்லையே சம்பந்தி, அப்புறம் சிவப்பு எதுக்கு?" என்கிறார். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார், மறுக்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமைக்குள் கிளம்பி வரவும்.