கலெக்டருக்கு இன்னும் தலைக்குத் தண்ணீர் விடவில்லை

சிட்லபாக்கம்,
12.3.1991, இரவு.

அன்புள்ள லோகு மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அத்தையிடம் காட்டாதீர்கள்; அத்தை அன்றைக்கே அம்மாவுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் போட்டுவிடுவார். படித்தவுடன் கிழித்துவிடுங்கள். தங்கள் மருமகள் பட்டு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். வேலூரில் நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சுகமில்லாதது, என் பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆமைதான்.

எல்லாரையும் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பதால் அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். தண்ணீரில் வாழ்ந்தாலும் தினமும் வெயில் காய வேண்டும், உடம்பு சூடானால்தான் தின்றது செரிக்கும், ஓடு கெட்டிப்படும் என்று நீங்கள் சொன்னபடியே தொட்டியில் ஒரு செங்கல் போட்டிருந்தேன். கலெக்டர் காலை எட்டு மணிக்கு அதன் மேல் ஏறி, கழுத்தை முழுக்க வெளியே விட்டு, பின்னங்கால்களைப் பின்பக்கம் நீட்டி, விரல்களைத் தனித்தனியாக விரித்து, கண்ணை மூடிக்கொள்ளும். பதினொரு மணிவரை அசையாது. மாசி பிறந்ததும் அதன் ஓட்டிலிருந்து மெல்லிய செதில்கள் கழன்று வந்தன. நான் பயந்துபோய், கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா அக்காவிடம் காட்டினேன். மாமா, காட்டியது நான்தான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அய்ய, இன்னாம்மா இது, முதுகு பூரா பொரிஞ்சிகினு கீது! அம்ம போட்டுகீது உன் ஆமைக்கு" என்று கன்னியம்மா அக்கா சொன்னார். அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆமைக்கு அம்மை வராது, வெயில்தான் வேண்டும் என்று மாமா சொன்னாரே என்றேன். "உன் மாமா மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். மாட்டைப் பத்திச் சொன்னா கேட்டுக்கலாம். கன்னியம்மா கடல்ல ஆமையோட பொறந்து வளர்ந்தவ" என்றாள். அன்று மாலையே வாசலில் வேப்பிலை கட்டி, கலெக்டரைச் சாமான் அறையில் வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டாள். அம்மை போட்டவர்கள் மேல் வெயில் படக்கூடாதாம். வீட்டில் தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மா அக்கா வஞ்சிரத்தோடு வந்தார். "அம்மை போட்ட வீட்டுல மீனா? நீதானே சொன்னே?" என்றாள் அம்மா. அக்கா கூடையை இறக்காமலே யோசித்தார். "அது அம்ம இல்லமா. பழைய தோலு உரிஞ்சிகினு கீது. எத்தினி ஆமைய பாத்துகீறேன் நானு" என்றார். "மீன் விக்கறதுக்காக அம்மன் விஷயத்துல பொய் சொல்லாத கன்னியம்மா" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். மாமா, அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

அப்பா சவரம் செய்துகொள்ளக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் தாடியோடு ஆபீஸ் போகிறார். மேலதிகாரி தேவானந்தம் சார் கேட்டிருக்கிறார்: "வீட்ல யாருக்கு அம்மை, வடிவேலு?" அப்பா, "சின்னவருக்கு சார்." "என்ன வயசு?" "ரெண்டு." "பாவம், பேசுமா?" "இதுவரைக்கும் பேசினதில்ல சார்." அவர் மனம் இளகி ஓர் இளநீர் கொடுத்தனுப்பினார். அப்பாவே குடித்துவிட்டார்.

மூன்று தண்ணீர் விட்டால் வெளியே எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் காலையிலிருந்தே முற்றத்தில் வெயிலில் வைக்கிறாள். கலெக்டருக்கு வேண்டிய வெயிலையெல்லாம் அந்தக் குடம்தான் காய்கிறது. முதல் தண்ணீரன்று குடத்தைத் தூக்கியதும் கலெக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அம்மா அரை மணி நேரம் குடத்தோடு நின்றாள். "தலைக்கு ஊத்தணும். முதுகுல ஊத்தினா கணக்கில்ல" என்றாள். தலை வரவில்லை. அம்மனுக்கு இன்னும் உத்தரவில்லை என்று திரும்பவும் இருட்டில் வைத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமையும் இதேதான் நடந்தது. முதல் தண்ணீரே இன்னும் ஆகவில்லை.

நான் இப்போது சாமான் அறையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கலெக்டர் பக்கத்தில் மஞ்சள் தண்ணீரில் இருக்கிறது. ஒன்பது நாளாக ஒன்றும் தின்னவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. மூக்கில் குமிழி வருகிறது. இடது பக்கம் சாய்ந்தே மிதக்கிறது. ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் நமுத்த அப்பளம்போல் இருக்கிறது. அம்மாவுக்கு அதன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ராத்திரியில் எழுந்து வந்து வேப்பிலையால் விசிறிவிட்டுப் போகிறாள். அதனால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆகவே மாமா, உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லி, ஆமைக்கு அம்மை வராது என்று லெட்டர்பேடில் எழுதி சீல் போட்டு அனுப்புங்கள். சீல் இருந்தால் அம்மா நம்புவாள். நான் எழுதியது தெரியாமலிருக்க, கனவில் ஆமை வந்ததாக நீங்கள் எழுதலாம். அதுவும் முடியாவிட்டால், கலெக்டரை வெயிலில் வைத்துத் தலைக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். வெயில் பட்டால் அது தானாகவே தலையை நீட்டிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். அதற்கு மேல் தாங்காது.

அத்தைக்கும் உங்களுக்கும் என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்
பட்டு

பி.கு.: குழந்தைகளுக்கு முத்தம் வேண்டாம். இந்தக் காகிதத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உறையில் முகவரி எழுதும்போது கழுத்து அரித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கழுத்தில் நான்கு, வயிற்றில் ஏழு, எல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். காய்ச்சலும் இருக்கிறது. கலெக்டரிடமிருந்துதான் ஒட்டியது என்று அம்மா சொல்வாள். இனி எந்த டாக்டர் சீல் போட்டாலும் நம்பமாட்டாள். ஆகவே லெட்டர் வேண்டாம். நீங்களே உடனே வந்து கலெக்டரை வேலூருக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அங்கே வெயில் அதிகம் என்று அப்பா சொல்வார். திருப்பித் தர வேண்டாம். அது ஏறிப் பழகிய செங்கல்லையும் கொடுத்துவிடுகிறேன், பை மட்டும் கெட்டியானதாகக் கொண்டு வாருங்கள். நான் அழவில்லை, மஞ்சள் தண்ணீர்தான் காகிதத்தில் சொட்டிவிட்டது. அம்மா கதவைத் தட்டுகிறா